தொடுதிரையின் முதல் கட்டம்

எங்கள் மகளின் கலியாணம் ஒரு மொனிட்டர் வாங்கப் போன இடத்தில் வந்து சிக்கிக்கொள்ளும் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், அவரை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் சிக்கியது. காத்தான்குடியில், ஏசி போட்ட ஒரு கடையில், கோழிக் கொத்துக்கும் முட்டை ரொட்டிக்கும் நடுவில் சிக்கியது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது செட்டிபாளையத்தில், வாவிக்குக் கிழக்கே. பெண் எடுத்தது வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கம். கலியாணம் முடித்தால் ஆம்பிளைதான் பெண் வீட்டில் போய் இருப்பது எங்கள் மாவட்டத்து வழக்கம். அதனால் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், வேலை பார்த்த காலம் முழுக்க மனைவியின் ஊரிலிருந்துதான் போய்வந்தேன், ஓய்வு பெற்றும் அங்கேதான் இருக்கிறேன். ஆனால் அந்த ஊர் அம்மன் கோயிலில் எனக்கு ஒரு உரிமையும் கிடையாது. என்னுடைய குடி அங்கே இல்லை.

குடி எங்களுக்குத் தாய்வழியில் வருவது. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. தகப்பனின் குடி தகப்பனோடு நின்றுவிடும். கோயிலில் ஏழு குடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு குடிக்கும் ஒரு வண்ணக்கர், அதாவது கோயில் காரியத்தில் அந்தக் குடிக்காகப் பேசுகிறவர். திருவிழா முடிகிற அன்று குடிகளின் பெயரை வரிசையாகக் கூப்பிட்டுக் காளாஞ்சி என்ற கோயில் மரியாதையைக் கொடுப்பார்கள். அந்த வரிசையில் முன்னுக்கு நிற்க இரண்டு குடிகளுக்குள் ஒரு காலத்தில் மண்டை உடைந்து, கோயில் பூட்டிக் கிடந்து, கடைசியில் ஒரு சமாதானம் வந்தது: ஒரு வருடம் இவர்கள் முதல், மறுவருடம் அவர்கள் முதல்.

அந்த இரண்டில் ஒரு குடிக்கு வண்ணக்கர் என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். மற்றக் குடிக்கு வண்ணக்கர், என் மகள் விரும்பிய பையனின் தகப்பன்.

மகளுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பையனும் அவளும் ஒரே கெம்பஸில் படித்தவர்கள். அப்போதிருந்தே பழக்கம். சாதகம் பார்த்தாயிற்று, பொருத்தம் உண்டு, குடியும் வேறு வேறு, தடை ஒன்றும் இல்லை. இருந்தும் பையனின் தகப்பன் வாயைத் திறந்து 'சரி' என்று சொல்லவில்லை. கேட்டால் "திருவிழா முடியட்டும்" என்பார். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் முன்னுக்கு நில்லாமல் கலியாணம் நடக்காது. தாய்மாமன் என் மச்சான். ஆக, அந்த இரண்டு பேரும் ஒரே பந்தியில் இருந்து சோறு தின்றால்தான் என் பிள்ளையின் கழுத்தில் தாலி ஏறும். நான் பெற்ற பிள்ளை, நான் வளர்த்த பிள்ளை. ஆனால் முடிவு அவர்கள் கையில்.

இந்த நேரத்தில்தான் சுவிஸில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவருக்குக் கோயிலை நவீனமாக்கும் ஆசை வந்தது. திருவிழாவுக்கு முன் எல்லாரும் குடிவரி கட்ட வேண்டும். வரி தலைக்கு. ஒரே வீட்டில் தகப்பனுக்கு ஒரு குடியில் சீட்டு, தாய்க்கும் பிள்ளைகளுக்கும் இன்னொரு குடியில் சீட்டு. கையால் எழுதி முடியவில்லை, சனம் வெயிலில் நிற்கிறது, கொம்பியூட்டரில் போடுங்கள் என்றார். கொம்பியூட்டரும் வந்துவிட்டது. சீட்டு எழுதும் மேசையில் மவுஸ் உருட்ட இடமில்லை, விரலால் தொடுகிற மொனிட்டர் ஒன்று வேண்டும் என்று சபையில் தீர்மானித்தார்கள். காசோலையில் இரண்டு வண்ணக்கர்மாரும் கையெழுத்து வைக்க வேண்டும் என்பதால் இருவரும் கடைக்கு வர வேண்டும். கூட யார் போவது? கொம்பியூட்டர் தெரிந்தவன், எந்தக் குடியிலும் சேராதவன். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததால் என்னைப் பிடித்தார்கள்.

மச்சானின் வான் வண்டியில் போனோம், ஓட்டியது அவரே. சந்தியில் பையனின் தகப்பன் வெள்ளை வேட்டியோடு நின்றார். நான் முன் சீட்டில் இருந்தேன். மச்சான் இறங்காமலே கையைப் பின்னால் நீட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டார். அவர் ஏறவில்லை. கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வீதியைப் பார்த்தார். நான் விழுந்தடித்து இறங்கி, "முன்னுக்கு இருங்க, எனக்குக் காலை நீட்டோணும்" என்று பின்னால் போய் ஏறினேன். எனக்குக் காலில் ஒன்றும் இல்லை.

வான் மண்முனைப் பாலத்தில் ஏறியது. பாலத்தில் மச்சான் வாயைத் திறந்தார்.

"இந்த வருசம் எங்கட முறை. அதையும் கொம்பியூட்டர்ல போட்டிரலாமோ மச்சான்?"

என்னிடம் கேட்பதுபோல் அவருக்குச் சொன்னது. போன வருடம் அவர்கள் குடியின் முறை. ஆனால் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் கோயிலடியில் அடுத்தடுத்து இரண்டு மரணம் விழுந்து, துடக்கு, அதாவது தீட்டு, என்று திருவிழாவே நின்றுபோனது. நடக்காத வருடம் கணக்கில் சேருமா சேராதா என்பதுதான் இப்போது ஊரெல்லாம் பேச்சு.

பையனின் தகப்பன் கண்ணாடிக்கு வெளியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நடக்காத திருவிழாவுக்கு முறை எப்பிடிப் போகும்? எங்கட முறை அப்பிடியே கிடக்கு."

"பத்தொம்பது இஞ்சி மொனிட்டர் போதுமோ, இருபத்திரண்டு வேணுமோ எண்டுதான் நான் யோசிக்கிறன்" என்றேன் நான். பேச்சை மாற்ற என் வாயில் வேறொன்றும் வரவில்லை, அவ்வளவுதான்.

கடைக்காரர் எங்களை விட இளையவர், சிரித்த முகம். "வாங்க சேர், வாங்க. என்னத்துக்கு டச் மொனிட்டர்? கடைக்கா, ஹோட்டலுக்கா?"

"கோயிலுக்கு" என்றேன்.

"நல்லம் நல்லம். ளுஹர் தொழுகைக்கு பாங்கு சொல்ல முந்தி முடிச்சிரலாம். அதுக்குப் பொறகு ஒரு மணித்தியாலம் கடை பூட்டு." அவர் மேசையில் இரண்டு மொனிட்டர்களைத் தூக்கி வைத்தார். ஒன்று அகலமானது, மெல்லியது. மற்றது சதுரமானது, தடித்தது.

அகலமானதை முதலில் போட்டுக் காட்டினார். மச்சான் விரலை வைத்ததும் திரை ஓடியது. மச்சானுக்கு வாயெல்லாம் பல். பையனின் தகப்பன் விரலை வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொருமுறை வைத்தார். அசையவில்லை. வயல் வேலையில் காய்த்துக் கல்லாகிப்போன விரல். மச்சான் சிரித்துவிட்டார். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கால் வந்த ஒரு சத்தம்தான். ஆனால் எனக்கு அந்த இடத்திலேயே அவரை உதைக்க வேண்டும் போலிருந்தது.

"என்ட விரலைத் தெரியாத சாமான் எங்கட கோயிலுக்கு என்னத்துக்கு?" என்றார் பையனின் தகப்பன்.

கடைக்காரர் கெட்டிக்காரர். "சேர் செல்லுறதும் நியாயம்தான். திருநீறு, குங்குமம், எண்ணெய் எண்டு இரிக்கிற கைக்கு இது சரிவராது. மத்தது கொஞ்சம் அமத்தோணும். ஆனா எந்த விரலுக்கும் வேலை செய்யும். கையுறை போட்டாலும் செய்யும்." சதுர மொனிட்டரைத் திருப்பினார். பையனின் தகப்பன் அமத்தினார். திரை திறந்தது.

"இது சின்னனாக் கிடக்கு" என்றார் மச்சான். "ஏழு குடியும் ஒரே வரிசையில நிக்காது. ரெண்டு மூணு வரிசையாப் போகும். கீழ நிக்கிற ஆக்கள் சும்மா இருப்பாங்களோ?"

அதில் உண்மை இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மச்சான் விசர்க்கதை கதைத்தால் தள்ளிவிடலாம், நியாயம் பேசினால் என்ன செய்வது?

"போட்டுப் பாப்பமே" என்றார் கடைக்காரர். அவரிடம் காட்டுவதற்கென்று ஒரு ஹோட்டல் பில் போடும் புரோகிராம் இருந்தது. திரையில் கட்டம் கட்டமாகக் கோழிக் கொத்து, முட்டை ரொட்டி, பிரைட் ரைஸ், பிளேன்டி. "இந்தப் பேருகளை அழிச்சிட்டு உங்கட பேருகளைப் போடுங்க சேர். எப்பிடி வருமெண்டு வெளங்கும்." விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார்.

மேலே இடது பக்கத்து முதல் கட்டத்தில் என் விரல் நின்றது. எதை அடிப்பது? முழங்கையால் நெற்றியைத் துடைத்தேன். ஏசிக்குள் வியர்க்கிறது. ஒரு நிமிடம் பேசாமல் நின்றால் இருவருக்கும் விளங்கிவிடும், யோசிக்காமல் அடித்தேன். முதலில் மச்சானின் குடி. அதற்குப் பக்கத்தில் பையனின் தகப்பனின் குடி. பிறகு மற்ற ஐந்தும். மனைவியின் குடி என்ற பழக்கத்தில் வந்ததா, மச்சானுக்குப் பயந்ததா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"அப்ப நீங்களும் முடிவெடுத்திட்டீங்க" என்றார் பையனின் தகப்பன்.

"இல்ல, இது சும்மா பாக்கிறதுக்கு…"

"பாக்கிறதுக்குத்தானே நானும் வந்தன். பாத்திட்டன்."

"மாத்தி மாத்திப் போடலாமே சேர்" என்று கடைக்காரர் குறுக்கே வந்தார். "எங்கட பள்ளியிலயும் குடி இரிக்கி, குடிக்கொரு மரைக்கார் இரிக்காரு. எனக்கு இந்தப் பேச்சு வெளங்கும். ஒரு வருசம் இவங்க முன்னுக்கு, மறுவருசம் அவங்க முன்னுக்கு. நான் பட்டன் வெச்சுத் தாறன்."

பாவம், நல்ல மனதோடுதான் சொன்னார். நேராகப் போய்ப் புண்ணில் விரலை வைத்துவிட்டார்.

"இந்த வருசம் ஆர்?" என்றார் மச்சான்.

"நாங்கள்" என்றார் மற்றவர்.

"துடக்கு விழுந்தா முறையும் போச்சு. அது அம்மன்ட முடிவு."

"செத்த வீட்டுக்கு அம்மனைச் சாட்டாதீங்க."

குரல்கள் ஏறின. கடையில் சார்ஜர் வாங்க வந்த ஒரு பெண் சாமானை வைத்துவிட்டு வெளியே போனாள். நான் மகளை நினைத்தேன். காலையில் புறப்படும்போது அவள் ஒன்றும் கேட்கவில்லை. என் சேட்டின் கொலரைச் சரிசெய்துவிட்டு, "வடிவாக் கதையுங்க அப்பா" என்று மட்டும் சொன்னாள். நான் இங்கே வடிவாகக் கதைக்கிற வடிவைப் பார்.

"பில் ஒண்டு போட்டுப் பாப்பம்" என்றேன் சத்தமாக. "சாமான் வேலை செய்யுதோ இல்லையோ எண்டு பாக்கத்தானே வந்த நாங்க? வரிசையைப் பிறகு சபையில கதையுங்க. மச்சான், ஒரு பேர் சொல்லுங்க."

மச்சான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் மூத்த மகனின் பெயரைச் சொன்னார். கொழும்பில் என்ஜினியர், மச்சானுக்கு அவனென்றால் உயிர். நான் பெயரை அடித்தேன். "இப்ப குடியை அமத்துங்க."

மச்சான் முதல் கட்டத்தை அமத்தினார். பக்கத்திலிருந்த சின்ன இயந்திரம் கிறீச்சென்று சீட்டைத் துப்பியது.

பிறகு பையனின் தகப்பன் சீட்டைக் கிழித்தெடுத்து வாசித்தார்.

"உங்கட மனிசி எங்கட குடி. அப்ப உங்கட மகனும் எங்கட குடி. எப்ப அவனைக் கடத்திக்கொண்டு போன நீங்க?"

மச்சானின் முகம் கறுத்துவிட்டது. வண்ணக்கர் ஒருவர் தன் சொந்தப் பிள்ளையை வேறு குடியில் எழுதுவது விளையாட்டுப் பிழை இல்லை. இது ஊருக்குள் போனால் அவரைச் சபையில் இருக்க விடமாட்டார்கள். கோபத்தில், அவசரத்தில், தன் குடி தன் குடி என்று கத்திக்கொண்டிருந்த வாயோடு விரலும் போய்விட்டது. கடைக்காரர் குனிந்து மேசைக்கடியில் ஏதோ கேபிளைத் தேடினார்.

"சரி, பிழை விட்டிட்டன்" என்றார் மச்சான். "நீங்க உங்கட மகனுக்குப் போடுங்க பாப்பம். பிழை இல்லாமப் போடுங்க."

பையனின் பெயரை நானே அடித்தேன். அந்தப் பெயரை என் கையால் அடித்தது அதுதான் முதல் தடவை. அவர் விரல் தன் குடியின் பக்கம் போகவில்லை. பையன் அவருடைய மனைவியின் குடி. அது மூன்றாவது வரிசையில் மூலையில் கிடந்தது, காலையிலிருந்து அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அதைத் தேடிக் கண்டுபிடித்து மெதுவாக அமத்தினார்.

அங்கே நின்றிருக்கலாம். ஆனால் மச்சான் அடிபட்ட மனிதர், விடமாட்டார்.

"பாத்தீங்களா, உங்கட மகனே உங்கட குடியில இல்ல" என்றார். "நாளைக்கு அவனுக்கு ஒரு பிள்ளை பிறந்தா, அது எங்கட பிள்ளைட வயித்தில பிறக்கிறது. அது எங்கட குடி. எங்கட குடியைப் பின்னுக்குத் தள்ளுற மனிசரிட்ட நாங்க பெண் குடுக்க மாட்டம். நான் தாய்மாமன் சொல்லுறன். இந்தப் பேச்சு இதோட சரி."

சொல்லிவிட்டார். இரண்டு வருடமாக எந்தச் சொல் வரக்கூடாது என்று நான் இருவர் வீட்டுக்கும் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தேனோ அந்தச் சொல், பிளேன்டிக் கட்டத்துக்கு முன்னால் நின்று வந்துவிட்டது. எனக்கு மச்சான்மேல் வந்த ஆத்திரத்தை விட என்மேல் வந்த ஆத்திரம் பெரிது. என் பிள்ளையின் காரியத்தில் எனக்கென்று சொல்ல ஒரு வாய் இல்லையா? குடி இல்லாதவன் தகப்பனும் இல்லையா?

"தம்பி, இதை நிப்பாட்டுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ஒண்டும் வேணாம். கோயிலுக்கு மொனிட்டரும் வேணாம், சீட்டும் வேணாம். என்ட பிள்ளையை வெச்சு நீங்க ரெண்டு பேரும் வரிசை பாக்க வேணாம். அவள் கலியாணம் இல்லாமச் சும்மா இருந்தாலும் என்ட வீட்டில இருப்பாள்."

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. தெருவுக்கு அப்பால் பள்ளியில் பாங்கு தொடங்கியது. கடைக்காரர் ஷட்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு சுவிட்சில் கையை வைத்தார்.

"நிப்பாட்டாதீங்க" என்றார் பையனின் தகப்பன்.

அவர் கையில் இன்னும் மச்சானின் பிழைச் சீட்டு இருந்தது. அதை நாலாக மடித்து மச்சானின் சட்டைப் பைக்குள் வைத்தார். "இது உங்களோட இருக்கட்டும். நான் பாக்கவும் இல்ல, இவர் பாக்கவும் இல்ல." பிறகு மேசையடிக்கு வந்து, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, முதல் கட்டத்தை அமத்தினார்.

"அது எங்கட குடி" என்றார் மச்சான், சத்தமில்லாமல்.

"தெரியும். இந்த முறை முன்னுக்கு அதுவே நிக்கட்டும்."

பெயர் அடிக்கும் கோடு திரையில் மின்னிக்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"பேர் அடியுங்க."

"ஆருட பேர்?"

"பேர் பிறகு வைப்பம். இப்போதைக்குப் பேரப்பிள்ளை எண்டு அடியுங்க."

கச்சேரியில் காலமெல்லாம் தட்டச்சு அடித்த கை. 'பே' எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விசைப்பலகையைத் தேடிக்கொண்டு நின்றேன்.